புரூஸ் கடற்கரையை யாரும் 'சும்மா' கொடுக்கவில்லை

கலிபோர்னியாவில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு அரசு கடற்கரையையே இலவசமாகத் தூக்கிக் கொடுத்தது, அவர்கள் 2 கோடி டாலருக்கு விற்றுவிட்டார்கள், பொதுமக்களுக்குக் கடற்கரை போச்சு என்று ஒரு பதிவு சுற்றுகிறது. விற்றது உண்மைதான், மற்றதெல்லாம் தப்பு.

மன்ஹாட்டன் பீச் ஊரில் அந்த மனையை 1912-ல் 1,225 டாலர் கொடுத்து வாங்கியவர் வில்லா புரூஸ். கறுப்பின மக்களைப் பெரும்பாலான கடற்கரைகளில் அண்டவிடாத காலம் அது. கணவர் சார்லஸுடன் அவர்களுக்காகவே விடுதி, உணவகம், உடைமாற்றும் அறை எல்லாம் நடத்தினார். அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் மிரட்டிப் பார்த்தும் புரூஸ் தம்பதி நகரவில்லை. அப்புறம் 1924-ல் நகராட்சி, பூங்கா கட்டப்போகிறோம் என்று சொல்லி நிலத்தைக் கையகப்படுத்தியது. அவர்கள் கேட்டது 1,20,000 டாலர், கிடைத்தது 14,500. அந்தப் பூங்கா? பல பத்தாண்டுகள் இடம் காலியாகவே கிடந்தது.

பின்னாளில் நிலம் கைக்கு வந்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) 2022-ல் கொடுத்தது இந்த நிலத்தைத்தான், அதாவது பறித்ததைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே கவுண்டியின் உயிர்காப்பாளர் கட்டடம் இருப்பதால் ஆண்டுக்கு 4,13,000 டாலர் வாடகை பேசினார்கள், 2023-ல் குடும்பம் விற்றபோது வாங்கியதும் அதே கவுண்டிதான். ஆக நிலம் இன்றும் பொதுச் சொத்து. மணலில் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், மேலே சரிவில் பின்னாளில் அமைந்த நகராட்சிப் பூங்காவும் அப்படியே இருக்கிறது.

நிலத்தைப் பிடுங்கிய நகராட்சியோ, 2021-ல் அந்தச் செயலைக் கண்டித்து அறிக்கை விட்டதே தவிர, மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டது.