அந்த முதல் ஐம்பது அடி

போன பள்ளி விடுமுறையில் மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் 38 பேரை பஸ் பிடித்து ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். கோயில் இளைஞர் குழுவில் நாங்கள் ஆறு பேர், துணைக்கு நான்கைந்து அம்மாமார்கள். பூங்காவின் பெயர் வேண்டாம். உள்ளே சறுக்குகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன, பிள்ளைகளும் ஆசை தீர ஆடினார்கள். எனக்கு மனதை விட்டுப் போகாதது வாசலில் கழிந்த முக்கால் மணி நேரம்.

பஸ்ஸில் வரும்போது ஒரே பாட்டும் கூத்தும். டோல் தாண்டியதிலிருந்து "வந்துருச்சா அண்ணே, வந்துருச்சா அண்ணே" என்று நச்சரிப்பு வேறு. இறங்கி வாசலுக்கு வந்ததும் அத்தனை பேரும் கப்சிப். கூரை இல்லாத சிமெண்டுத் தரை, வளைத்து வளைத்து விட்ட கம்பித் தடுப்பு, பத்து மணி வெயில். உள்ளே இருப்பதில் ஒரு தண்ணீர்ச் சத்தம்கூட வெளியே எட்டவில்லை. கண்ணில் பட்டதெல்லாம் எதையெதைக் கொண்டுவரக் கூடாது என்று எழுதிய ஒரு பெரிய பலகைதான்.

எங்களோடு வந்தவர்களில் பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் அக்கா ஒருவர் இருந்தார். விடியற்காலையில் எழுந்து புளிச்சோறும் நெத்திலி சம்பலும் கட்டி எடுத்து வந்திருந்தார். பையைத் திறக்கச் சொன்னார்கள். எல்லார் கண்ணெதிரிலும் மேசையில் வைத்து டப்பாவின் மூடியைத் திறந்தார்கள். சம்பல் வாசம் வரிசை முழுக்க வந்தது, பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "பரவால்ல தம்பி, நீங்க பிள்ளைங்கள கூட்டிட்டுப் போங்க, நான் வெளியிலேயே உக்காந்துக்கறேன்" என்றார். அவர் மகளுக்கு ஒன்பது வயது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணே, நம்மள உள்ள விடுவாங்களா?" என்று கேட்டாள்.

டிக்கெட் என் கையில் இருக்கிறது, பணம் கட்டி இரண்டு வாரம் ஆகிறது. அப்படியும் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு கேட் என்றாலே ஜாகா, அதாவது காவல்காரர், நிற்கிற இடம்தான். யார் வீட்டுக்கு, என்ன வேலையாக, எப்போது திரும்புவாய் என்று கேட்கிற இடம். என் தாத்தா கேட்டைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். ஒரு பூங்காவின் வாசல் முதலில் கழற்ற வேண்டியது இந்தப் பயத்தைத்தான்.

வெளிச்சாப்பாடு கூடாது என்ற விதியை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கடையும் நடக்க வேண்டும். ஆனால் அதை ஓரமாக, நிழலில், ஒரு "வாங்க" சொல்லிச் செய்யலாமே. டப்பாவை வைத்துப் பூட்ட ஒரு சின்னப் பெட்டி கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?

வாசல் விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தவர் வால்ட் டிஸ்னி. 1955 ஜூலை 17-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் அவர் திறந்த டிஸ்னிலேண்ட் பூங்காவில் உள்ளே போக ஒரே வாசல்தான். பூங்காவைச் சுற்றி மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயில் ஓடவிட்டார். ரயில் பாதைக்கு அடியில் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்னக் குகைவழிகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு தகடு: இன்றைய நாளை இங்கே விட்டுவிட்டு நேற்றும் நாளையும் கற்பனையும் கலந்த உலகத்துக்குள் நுழைகிறீர்கள் என்று. நாலு எட்டு வைத்து வெளியே வந்தால், அவர் சிறுவனாக வாழ்ந்த மிசூரி மாநிலத்து மார்சலின் ஊரை நினைத்துக் கட்டிய கடைத்தெரு. மண்மேடு மறைத்துவிடுவதால் கார் நிறுத்திய இடம் கண்ணில் படாது. தெருக்கோடியில் ஒரு கோட்டை, அதன் உயரம் 77 அடிதான். ஆனால் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. மேலே போகப் போக அளவைச் சிறிதாக்கிக் கட்டியிருக்கிறார்கள். கடைத்தெருவின் மாடிகளும் அப்படித்தான்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம் கோபுரம். அடிநிலை அகலம், மேலே ஒவ்வொரு நிலையும் சிறுத்துக்கொண்டே போகும், அண்ணாந்து பார்த்தால் வானத்தைத் தொடுகிற மாதிரி இருக்கும். அதைத் தாண்டினால் கொடிமரம், பலிபீடம், மண்டபம். வெயில் குறைந்து, இருட்டு கூடி, கடைசியில் எண்ணெய் விளக்கு. சாமியைப் பார்ப்பதற்கு முன்பே மனசு அடங்கிவிடுகிறது. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொன்னவர்களுக்கு வாசலின் அருமை தெரிந்திருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பெரிய கோபுரம் எல்லாம் கிடையாது. ஆனால் திருவிழா அன்று ரோட்டு முனையிலேயே வாழைமரமும் மாவிலைத் தோரணமும், காற்றில் நாயனச் சத்தமும் வந்துவிடும். செருப்பைக் கழற்றுவதற்குள் நாம் பாதி கோயிலுக்குள் இருப்போம்.

நம் நாட்டிலும் நல்ல வாசல்களுக்குக் குறைவில்லை. ஈப்போ பக்கம் தம்புனில் இருக்கும் லாஸ்ட் வேர்ல்டு பூங்காவுக்குப் போனால் சுண்ணாம்புக் குன்றுகளே சுற்றி நின்று வரவேற்கும், மனிதன் தனியாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. கோலாலம்பூர் பக்கம் இருக்கும் சன்வே லகூன் பூங்கா 1993-ல் ஒரு பழைய ஈய லம்பத்தில், அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் எழுந்தது. பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்க்கும்போதே பிள்ளைகள் துள்ள ஆரம்பித்துவிடுவார்கள். நிலம் கொடுத்ததை இரண்டு இடத்திலும் மறைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் மழையும் வெயிலும். 1983-ல் தோக்கியோ பக்கத்தில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது வாசல் கடைத்தெரு முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டார்கள், அந்த ஊர் வானிலைக்காக. பேராக்கில் நாலு மணியானால் கொட்டுகிற மழைக்கு நாம் எத்தனை கூரை போட்டிருக்க வேண்டும்! நிழல், உட்கார ஒரு திண்டு, குடிக்கத் தண்ணீர், உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்று கண்ணில் படுவது. இவ்வளவுதான் நான் கேட்பது. பட்டணத்துக் குடும்பத்துக்கு இது பல ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று. எங்கள் பிள்ளைகளில் பல பேருக்கு முதல் தடவை. அவர்களுக்கு வாசலின் அந்த முதல் ஐம்பது அடி ரொம்பப் பெரிய தூரம்.

அக்காவை வெளியே விட்டுவிட்டு நாங்கள் போகவில்லை. டப்பாவை பஸ்ஸில் வைத்துவிட்டு அவரையும் கூட்டிக்கொண்டோம். மத்தியானம் பஸ் நிழலில் உட்கார்ந்து எல்லாரும் ஆளுக்கொரு பிடி புளிச்சோறு சாப்பிட்டோம்.

குழுவின் வாட்ஸ்அப்பில் அன்றைய படங்கள் நூற்றுக்கு மேல் கிடக்கின்றன. நேற்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். வாசலில் எடுத்தது ஒன்றுகூட இல்லை. முதல் படமே சறுக்கின் அடியில், அந்த ஒன்பது வயதுக்காரி நனைந்த தலையோடு சிரித்துக்கொண்டு நிற்பது. அடுத்த விடுமுறைக்கு இடம் தேடத் தொடங்கிவிட்டோம். இந்தத் தடவை பணம் கட்டுவதற்கு முன்னால் எங்களில் இரண்டு பேர் போய், வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வரப் போகிறோம்.