தாலிய முதுகுப் பக்கம் தள்ளிட்டு கிரீம் தடவுறாங்க எங்க அண்ணி

போன ஞாயித்துக்கெழம பட்டர்வொர்த்ல அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு ரெண்டு மாச ஊசி, கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக், தேதியும் குடுத்துட்டாங்க, ஆனா அண்ணி வேணவே வேணாங்குறாங்க. ஏன் அண்ணின்னு கேட்டா வாட்ஸ்அப்ப நீட்டுறாங்க. "ஊசியில பாதரசம் இருக்காம், புள்ளைக்கு மூளையக் கெடுத்துருமாம், நீ ஃபார்மசியிலதானே வேல செய்ற, ஒனக்குத் தெரியாதா?"ன்னு என்னையே ஏசுறாங்க.

ஏசி முடிச்சிட்டு கண்ணாடி முன்னால போயி நின்னாங்க, வெளிய கெளம்பணுமாம். தாலிக்கொடிய சுத்தி முதுகுப் பக்கம் தள்ளி விட்டாங்க, மோதிரத்தக் கழட்டி டிஷ்யூ மேல வச்சாங்க, அப்புறம் ஒரு சின்ன வெள்ள டப்பாவத் தெறந்து விரல் நுனியில எடுத்து கன்னத்துல தேய்ச்சாங்க. எதுக்கு நகையெல்லாம் கழட்டுறீங்கன்னேன். "நகையில படக்கூடாதுன்னு டப்பாலயே போட்டிருக்கு, விக்கிற பொண்ணு லைவ்லயும் சொன்னுச்சு." எனக்கு வயித்துல புளியக் கரைச்சிருச்சு.

தங்கத்துல படக்கூடாதுன்னு மூஞ்சிக்குப் போடுற கிரீம்ல எதுக்குங்க எழுதணும்? பாதரசமும் தங்கமும் சேந்தா என்ன ஆகும்னு பழைய பத்தர் யாரையாச்சும் கேட்டுப் பாருங்க, வெள்ள வெளேர்னு ஒட்டிக்கும். தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இதுலல்லாம் படக்கூடாதுன்னு கிரீம்ல போட்டிருந்தா உள்ள பாதரசம் இருக்கலாம்னு உலக சுகாதார அமைப்பே சொல்லுது. டப்பாவத் திருப்பிப் பாத்தேன், ஃபேக்டரி பேரு இல்ல, என்ன போட்டுச் செஞ்சதுன்னு இல்ல, நம்ம மலேசியாவுல காஸ்மெட்டிக்குக்கு அரசாங்கத்துல பதிஞ்சு வாங்க வேண்டிய நோட்டிஃபிகேஷன் நம்பரும் இல்ல. வெல மட்டும் 89 வெள்ளி (ரிங்கிட்).

சரி, ஊசி கதைக்கு வருவோம், அதுவும் முழுப் பொய் இல்ல. சில ஊசி மருந்துல கிருமி வளராம இருக்கப் போடுற பாதரசக் கலவைக்குப் பேரு தயோமெர்சால், அதோட எடையில பாதிக்குக் கிட்ட பாதரசம்தான். 1928ல ஆஸ்திரேலியாவுல பண்டபர்க்ங்குற ஊருல ஒரே பாட்டில்ல இருந்து 21 புள்ளைங்களுக்கு டிப்தீரியா ஊசி போட்டாங்க, 12 புள்ளைங்க செத்துப் போச்சு. மருந்து கெட்டது இல்ல, பல நாளா ஊசிய விட்டு விட்டு எடுத்த அந்த பாட்டில்ல கிருமி பூந்திருச்சு, அதக் கொல்ல உள்ள ஒண்ணும் போடல. பத்து பேருக்கு ஒரே குப்பியில எடுக்குற மருந்துக்கு, கெட்டுப் போகாம காக்குற பிரிசர்வேட்டிவ் ஏன் போடுறாங்கன்னு இப்பப் புரியுதா?

அப்படிப் பட்ட குப்பியில ஒரு டோஸுக்கு வர்ற பாதரசம் ஏறக்குறைய 25 மைக்ரோகிராம். அதுவும் எத்தில் வகை. ஜப்பான்ல மினமாட்டாங்குற ஊருல மீன் வழியா ஜனங்கள முடமாக்குனது மெத்தில் வகை, அது ஒடம்ப விட்டுப் போக ரொம்ப நாளாகும், எத்தில் சீக்கிரம் வெளியாயிடும். பேரு ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதுலதான் வாட்ஸ்அப் பேராசிரியருங்க எல்லாரும் வழுக்கி விழுறாங்க. 1999ல அமெரிக்காக்காரன் எதுக்கும் முன்ஜாக்கிரதையா இருக்கட்டும்னு சின்னப் புள்ளைங்க ஊசியில இருந்து இத எடுக்கச் சொன்னான், எடுத்தப்புறமும், இதனாலதான் வருதுன்னு பேசிக்கிற ஆட்டிசம்ங்குற மூளை வளர்ச்சிக் கோளாறு கணக்கு கொறையவே இல்ல. அட அதெல்லாம் விடுங்க, 2020ல இருந்து நம்ம நாட்டுல ரெண்டு மாசப் புள்ளைக்குப் போடுற ஆறு நோய் ஊசி ஒரு புள்ளைக்கு ஒரு டோஸுன்னு தனியா வருது, அதுல தயோமெர்சாலே கெடையாது. எங்க அண்ணி இல்லாத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டு இருக்காங்க.

பாதரசம் நல்லதுன்னு நான் சொல்ல வரல. முன்னாடி கான்டாக்ட் லென்ஸ் தண்ணியில தயோமெர்சால் போட்டாங்க, எத்தனையோ பேருக்கு அலர்ஜியாகி கண்ணு செவந்து போச்சு. கண் மையிலயும் மஸ்காராவுலயும் கெட்டுப் போகாம இருக்க, வேற வழி இல்லன்னா மட்டும், கொஞ்சூண்டு போடலாம்னு அமெரிக்காவுல விட்டு வச்சாங்க, பத்து லட்சத்துல 65 பங்குதான் உச்சம். பாதரசத்தக் கொறைக்க நாடுங்க சேந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தத்துலயும் கண்ணுக்குன்னு ஒரு சலுகை இருந்துச்சு, 2023ல கூடி அதையும் 2025க்குள்ள முடிச்சிடணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு அதுல சந்தோசம்தான். வேற பிரிசர்வேட்டிவ் எவ்வளவோ வந்துருச்சு.

ஆனா அண்ணி டப்பாவுல பாதரசம் இருந்தா, அது கெட்டுப் போகாம இருக்கப் போட்டது இல்லங்க, வெள்ளையாக்குறதுக்குன்னே போட்டது. தோலுக்குக் கலர் குடுக்குற மெலனின ஊற விடாம தடுக்கும், அதான் ரெண்டு வாரத்துல பளபளன்னு ஆகுது. இந்த மாதிரி கிரீமுங்கள டெஸ்ட் பண்ணப்ப பத்து லட்சத்துல பத்தாயிரம் பங்குக்கு மேலயும் வந்திருக்கு, நம்ம சட்டத்துல வரம்பு ஒரே ஒரு பங்குதான். கணக்குப் போடுங்க, அப்படிப்பட்ட கிரீம் ஒரு கிராம்ல 10,000 மைக்ரோகிராம், அந்தக் குப்பி ஊசி மாதிரி 400 ஊசி. தடவுறது எல்லாம் உள்ள போகாது, வகையும் வேற, ஒத்துக்குறேன். ஆனா இந்த வகை நேரா கிட்னிக்குப் போகும், 2023ல கேரளா மலப்புரத்துல கிட்னி கெட்டு வந்தவங்கள டாக்டருங்க தோண்டித் துருவுனப்ப இந்த மாதிரி கிரீம்லதான் போயி நின்னுச்சு. அதோட இது ஆவியாகும், துண்டுல தலகாணியில ஒட்டும். அண்ணி அந்தக் கன்னத்துலதான் பேரன ஒட்ட வச்சுக் கொஞ்சுறாங்க.

மருந்தையும் காஸ்மெட்டிக்கையும் கண்காணிக்கிற அரசாங்க அமைப்பு என்பிஆர்ஏ இந்த மாதிரி கிரீமுங்கள அப்பப்ப பேரு போட்டு ரத்து பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க, வித்தா 25,000 வெள்ளி வரைக்கும் அபராதம் இல்லன்னா மூணு வருசம் ஜெயில், ரெண்டுமேகூட. அடுத்த மாசம் அதே கிரீம் வேற ஸ்டிக்கர்ல லைவ்ல வருது. எனக்கு விக்கிறவங்க மேல இருக்குற கோவத்த விட, கருப்பா இருக்குற பொண்ண கல்யாண வீட்டுல வச்சு "கொஞ்சம் கவனிச்சுக்கம்மா"ன்னு சொல்ற நம்ம சொந்தக்காரங்க மேலதான் கோவம். அண்ணிக்கு 54 வயசு, இன்னும் அந்தப் பேச்சு காதுல கேக்குதாம்.

புதன்கெழம பேரனுக்கு ஊசி போட்டாச்சு, ஒரு ராத்திரி காய்ச்சல் அடிச்சிச்சு, அவ்வளவுதான். அண்ணிய யூரின் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கேன், வர்றேன்னுருக்காங்க. டப்பா மட்டும் இன்னும் பிளாந்தா மார்ஜரினுக்குப் பின்னால ஃபிரிட்ஜ்லதான் இருக்கு, 89 வெள்ளியாச்சேங்குறாங்க.