வேண்டாம் என்று எத்தனை முறைதான் சொல்வது?

முதுகுவலிக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று தேடி நேற்றிரவு ஒரு தளத்துக்குப் போனேன். கட்டுரையை மறைத்தபடி, குக்கீகளுக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்து நின்றது. 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பது பச்சை நிறத்தில், பெரிய எழுத்தில். 'மறுக்கிறேன்' என்பதையே காணோம். மூலையில் மங்கலாக 'அமைப்புகள்' என்று இருந்தது. திறந்தால், 'பங்குதாரர்கள்' என்று தள்ளத் தள்ளத் தீராத பட்டியல். ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தால், 'நியாயமான நலன்' (நம் அனுமதி இல்லாமலே தரவை எடுக்க நிறுவனங்கள் காட்டும் காரணம்) என்ற தலைப்பில் இன்னொரு பட்டியல்! அதில் எல்லாமே முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தன. முடிப்பதற்குள் முதுகோடு கட்டைவிரலும் வலித்தது.

குக்கீ மீது எனக்குக் கோபமில்லை. வலைத்தளங்களுக்கு இயல்பிலேயே ஞாபகசக்தி கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் நீங்கள் புது ஆள்தான். கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்திலும் இருக்கவேண்டுமே என்பதற்காக, 1994-ல் நெட்ஸ்கேப் என்ற உலாவி (பிரவுசர்) நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் உருவாக்கிய சின்னக் குறிப்புச்சீட்டு அது. எந்தத் தளம் எழுதியதோ அந்தத் தளம் மட்டுமே படிக்கலாம் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் ஒரு பக்கத்துக்குள் வேறொரு நிறுவனத்தின் விளம்பரம் வந்து உட்கார்ந்தால், அந்த நிறுவனமும் தன் சீட்டை உங்கள் கணினியில் செருகிவிடலாம். அதே விளம்பர நிறுவனம் ஆயிரம் தளங்களில் இருந்தால், ஆயிரத்திலும் உங்களை அடையாளம் கண்டுகொள்ளும். இதை நாம் கேட்காமல் தானாக அனுமதிக்கக் கூடாது என்று 1997-லேயே இணையத் தரநிலை ஆவணம் ஒன்று சொன்னது. அன்றைய முன்னணி உலாவிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

'என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை' என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடன், கருத்தரிப்பு, மனச்சோர்வு பற்றி நள்ளிரவில் தேடிப் படித்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டுவீர்களா?

ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்ததற்காகத்தான் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது. (இதை முகநூலில் எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரியும். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.) இப்படி வேறு நிறுவனங்கள் செருகும் பிற தளக் குக்கீகளை இரண்டே ஆண்டுகளில் நிறுத்திவிடுவதாக 2020-ல் சொன்ன கூகுளின் குரோம் உலாவி, 2024-ல் பின்வாங்கியது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனத்தின் உலாவி நம்மைக் காக்கும் என்று நம்புவது வேலிக்கு ஓணானைச் சாட்சி வைப்பதுதான். ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020 முதலே அவற்றை மொத்தமாகத் தடுக்கிறது. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'வேண்டாம்' என்பதை என் உலாவியில் ஒரே ஒருமுறை சொல்வேன்; எல்லாத் தளங்களும் அதை மதிக்கவேண்டும். 'டூ நாட் டிராக்' (என்னைப் பின்தொடராதே) என்று முன்பு இப்படி ஒன்று வந்தது. மதித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் பெரும்பாலோர் சீந்தவேயில்லை. இப்போது 'என் தரவை விற்காதே, பகிராதே' என்று உலாவியே தளங்களுக்குச் சொல்லும் 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்ற சமிக்ஞை வந்திருக்கிறது. கலிஃபோர்னியா உள்ளிட்ட சில அமெரிக்க மாநிலங்களில் இதற்குச் சட்ட பலம் உண்டு. இந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாதது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுக்காக, அழகுசாதனப் பொருள் விற்கும் செஃபோரா நிறுவனம் கலிஃபோர்னியாவில் 2022-ல் 12 லட்சம் டாலர் கட்டியது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் என்ன பாவம் செய்தோம்?

நான் மறுத்ததை நினைவில் வைத்துக்கொள்ளவும் அந்தத் தளத்துக்கு ஒரு குக்கீ வேண்டும். உலாவியை மூடும்போது குக்கீகளையெல்லாம் அழித்துவிடுவது என் வழக்கம். இன்று காலை அதே கட்டுரையைத் திறந்தேன். பச்சைப் பொத்தானுடன் அதே பெட்டி.