பறித்துக் கொடுத்தவருக்கு நாற்காலி இல்லை

கடந்த ஞாயிறன்று தண்டையார்பேட்டையில் நடந்த மூலிகைக் கண்காட்சியைப் பற்றி என் பக்கத்தைத் தொடர்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை; படங்களையும் அவற்றின் கீழே நடந்த வாக்குவாதத்தையும் பார்த்துவிட்டீர்கள். பொன்னேரிப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் வரப்புகளிலும் தேடிப் பறித்து, அந்த மேசைகளில் இருந்த செடிகள் அத்தனையையும் விடியற்கால மின்சார ரயிலில் மூட்டை கட்டிக் கொண்டுவந்த அம்மாள், நிகழ்ச்சி முடியும்வரை வாசலில் செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மேடையில் வரிசையாகப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ஏன் என்று நான் என் பக்கத்தில் கேட்டதற்கு ஏற்பாட்டாளர்களில் ஒருவர் எழுதிய பதில் இது: "அவர் பறிக்கிறவர்தானே, வைத்தியர் இல்லையே."

பறிப்பது வெறும் கைவேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாளாவது அவரோடு நடந்து பார்க்க வேண்டும். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். இலைகளுக்கு அடியில் வரிசையாகக் காய் பிடிக்கும் அந்தச் சிறு செடிக்கு, ஏறக்குறைய அதே உருவத்தில் உறவுச் செடிகள் பல உண்டு. தென்னிந்தியச் சந்தையில் கீழாநெல்லி என்று விற்கப்படும் சரக்கில் அந்த உறவுச் செடிகளும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் மரபணுச் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் கதையும் அதுதான். பூங்காக்களில் தரையை மூடுவதற்காக வளர்க்கும் வெளிநாட்டு மஞ்சள் பூக்கொடியை அதுவென்று நம்பிப் பறித்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிக் கண்டுபிடிக்க வேண்டிய வேறுபாட்டை அந்த அம்மாள் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகிறார். அதை அறிவு என்று ஒப்புக்கொள்ள உங்களைத் தடுப்பது எது?

எனக்கு இது ஊரார் விவகாரம் அல்ல. என் ஆயா பழைய வண்ணாரப்பேட்டையில் சந்தை வாசலில் கூடை வைத்து முடக்கத்தானும் தூதுவளையும் குப்பைமேனியும் விற்றவர். சிறு வயதில் சிரங்கு வந்து நான் தூங்காமல் அழுதபோது, குப்பைமேனி இலையை உப்போடு அரைத்துப் பூசிவிட்டு இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். அதற்கும் அடங்காமல் காய்ச்சல் ஏறியபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஓடியவரும் அவரேதான். தன் இலை எதுவரை உதவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் பல ஆண்டுகள் பச்சிலை வாங்கித் தைலம் காய்ச்சி விற்ற ஒருவர், ஆயா இறந்த செய்தியைச் சொன்னபோது, "அந்தக் கீரைக்காரம்மாவா?" என்று கேட்டார். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு நாளும் தோன்றியிருக்கவில்லை.

"போலி அறிவியலைப் பரப்புகிறீர்கள்" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். கீழாநெல்லி காமாலையைக் குணமாக்கும் என்று நான் எங்கும் எழுதவில்லை. 1988இல் சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும், கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் பற்றிய ஆராய்ச்சிக்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி கொடுக்கப்பட்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்தது, மருந்தில்லாத வெற்றுக் குளிகை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது என்றது அந்தக் கட்டுரை. பின்னர் வேறு இடங்களில் நடந்த சோதனைகள் இதை உறுதிப்படுத்தவில்லை. ஆகவே காமாலை என்றால் மருத்துவரிடம் போங்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் மண்ணில் முளைக்கும் இத்தனை செடிகளில் இதைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணம், காலங்காலமாக இதைப் பறித்துக் கொடுத்தவர்களிடமிருந்தல்லவா வந்தது? சளிக்கு நீங்கள் வாங்கும் புரோம்ஹெக்சின் மருந்து, ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவாக்கப்பட்டது என்பதையும் போலி அறிவியல் என்று எழுதியவர்கள் படித்துப் பார்க்கட்டும்.

"ஆபத்தான செடிகளும் இருக்கின்றனவே" என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கவலை. ஆடுதின்னாப்பாளையில் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. இது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால்தான் மருத்துவரும் அவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறேன்.

"எல்லாம் சித்தர் நூல்களில் இருக்கிறது, இவர்களுக்கு ஏன் பங்கு?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை குறைவு. இந்த வாதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், மரபறிவைப் பயன்படுத்தி ஈட்டும் பயனில் அந்த அறிவுக்கு உரியவர்களுக்கும் பங்கு உண்டு என்றது. 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்குத் தந்துவிட்டது. ஓலையில் இருக்கிறது என்று சொன்னால் போதும், காட்டில் நடப்பவருக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அகத்தியமலையில் கேரளத்தின் காணிப் பழங்குடி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிய பாலோடு தாவரவியல் நிறுவனம், மருந்தைத் தயாரிக்க உரிமம் தந்து பெறும் தொகையிலும் விற்பனையிலிருந்து தனக்கு வரும் பங்கிலும் பாதியை அவர்களுக்குத் தர ஒப்புக்கொண்டது. அங்கே முடிந்தது இங்கே ஒரு நாற்காலி அளவுக்குக்கூட முடியவில்லை.

"பணம் கொடுத்தோமே" என்கிறார்கள். கொடுத்தீர்கள், போக்குவரத்துச் செலவு போக ஒரு நாள் கூலிகூட மிஞ்சாத பணம். "நீங்களும்தான் அவர் பெயரை எழுதவில்லை" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நடைபாதையில் விற்பவர் அவர். விரட்ட வருவார்களோ என்ற பயத்தில், "போனில் என் பேரைப் போடாதே கண்ணு" என்று கேட்டுக்கொண்டார். மண்டபத்தில் உரக்கச் சொல்ல வேண்டிய பெயரை நீங்கள் மறைத்ததும், அவர் கேட்டதற்காக நான் எழுதாமல் இருப்பதும் ஒன்றல்ல.

அவர் பறிக்கும் இடங்கள் சுருங்கிவருவதை எத்தனை பேர் அறிவீர்கள்? மீஞ்சூரைச் சுற்றி வரப்புகள் மனைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் மண்ணில் எவ்வளவு செழிப்பாக வளர்ந்திருந்தாலும் அவர் கை வைப்பதில்லை. அந்த இலையைப் பிள்ளைக்கு அரைத்துக் கொடுக்க முடியாது என்கிறார். இதை எந்த ஓலையைப் படித்து அவர் தெரிந்துகொண்டார்? அவருடைய மகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறார். போகட்டும், அதுதான் சரி. செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்படுவதற்காக எந்தத் தாய் தன் மகளை இந்த வேலைக்குப் பழக்குவார்?

திருவொற்றியூரில் அடுத்த கண்காட்சி நடத்தப்போவதாகச் சொல்லி, செடி கேட்டு அவரிடம் மறுபடி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். கூலியை முன்கூட்டியே பேசி, பாதியைக் கையில் வாங்காமல் ஒரு கீரைக்கட்டுக்கூடத் தர வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சம்மதித்தால் அந்தப் பேச்சுக்கு நானும் கூடப் போவேன்.