ஏழு ஆட்டத்துக்கு ஒரு மாஸ்டரா?

நம் கால்பந்து அணியின் பயிற்சியாளரான மாஸ்டரை லீக் பாதியில் நீக்கிவிட்டதாக வெள்ளிக்கிழமை இரவு கிளப் குழுவில் வந்த அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடியும் இங்கே ஒட்டப் போவதில்லை. "அணியின் நலன் கருதி" என்று தொடங்கி "சேவைக்கு நன்றி" என்று முடியும் நான்கு வரி. அதில் மாஸ்டரின் பெயர்கூட இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நின்ற மனிதருக்கு நான்கு வரியே அதிகம் என்று கமிட்டி நினைத்திருக்கலாம்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று ஒரு தம்பி, "உணர்ச்சிவசப்படாதீர்கள் அண்ணா, பெரிய கிளப்புகள் எல்லாம் இப்படித்தான் செய்கின்றன" என்று எழுதியிருந்தார். சரி தம்பி, உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டுப் பெரிய கிளப்புகளைப் பற்றியே பேசுவோம்.

லீக் பாதியில் பயிற்சியாளரை மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. இரண்டு மூன்று ஆட்டத்துக்கு ஒரு துள்ளல் வரும். பிறகு அணி எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவில் நிறுத்தினால் நீங்கள் விடமாட்டீர்கள்.

இங்கிலாந்தின் 2022-23 பிரீமியர் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று இடம் வந்து கீழ் லீக்குக்கு இறங்கிய அணிகள் லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன். மூன்றுமே நடுவில் ஆளை மாற்றியவை. லீட்ஸும் சவுத்தாம்ப்டனும் ஒருமுறை மாற்றியது போதாதென்று இன்னொரு முறையும் மாற்றின. லீட்ஸ் கடைசியாகப் பயிற்சியாளர் சாம் அலர்டைஸைக் கூப்பிட்டபோது மிச்சம் இருந்தது நான்கே ஆட்டம். நான்கு ஆட்டத்தில் அவர் என்ன செய்வார், மந்திரிப்பாரா? அதே வருடம் வெஸ்ட் ஹாமும் தடுமாறியது. பயிற்சியாளர் டேவிட் மோய்ஸை அனுப்பு என்று ஊரே கத்தியது. அனுப்பவில்லை. லீக்கில் 14-ஆம் இடம், ஆனால் ஜூன் மாதம் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை கையில். 1980-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை அது. எவர்ட்டன் ஆளை மாற்றித் தப்பித்ததே என்பீர்கள். தப்பித்தது. கடைசி நாளில், ஒரே ஒரு கோலில். அதற்குப் பெயர் திட்டமா?

இனி துள்ளலுக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள லண்டன் போக வேண்டாம், காசிமேடு போதும். என் தாய்மாமா விசைப்படகில் போனவர். அவர் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. மார்ச் முழுக்க மீன் இல்லை. முதலாளி கோபத்தில் படகு ஓட்டுபவரை நிறுத்திவிட்டு வேறொருவரை அமர்த்தினார். அதற்குள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. தடை முடிந்து படகு போனால் வலை கொள்ளாத மீன். "பார்த்தீர்களா, ஆளை மாற்றினேன், கடலே மாறிவிட்டது" என்று முதலாளி துறைமுகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இரண்டு மாதம் யாரும் வலை போடாத கடலில் யார் போனாலும் மீன் கிடைக்கும் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. சம்பளம் அவர் கையில் அல்லவா.

தொடர்ந்து தோற்கும் அணியும் அப்படித்தான். ஏதோ ஒரு கட்டத்தில் தானாகவே கொஞ்சம் எழுந்திருக்கும். அந்த நேரத்தில் யார் ஓரக்கோட்டில் நிற்கிறாரோ அவருக்கு மாலை. பாஸ் டெர் வீல் என்ற பொருளியல் ஆய்வாளர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து லீக்கை எடுத்து இதைத்தான் பார்த்தார். தோல்வியில் மாட்டிக்கொண்டு பயிற்சியாளரை மாற்றிய அணிகளை ஒரு பக்கமும், அதே அளவு தோற்றும் மாற்றாத அணிகளை மறுபக்கமும் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டு வந்தன. என் மாமா படிக்காமலே சொன்னது.

இப்போது எல்லோரும் தூக்கிக்கொண்டு வரும் அந்த ஒரே உதாரணம். சென்னையின் எஃப்.சி., 2019-20 இந்தியன் சூப்பர் லீக். "நம் ஊரிலேயே நடந்ததே அண்ணா!" ஆமாம், நடந்தது. நானும் நேரு ஸ்டேடியத்தில்தான் இருந்தேன், அரையிறுதியில் கோவாவை 4-1 என்று அடித்த இரவில் தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சு வரவில்லை. பயிற்சியாளர் ஜான் கிரெகரியின் கீழ் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. அவர் போனார், ஓவன் கோய்ல் வந்தார், அணி இறுதிப்போட்டிக்கே போனது. மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் கோல் மழை பொழிந்த வால்ஸ்கிஸும், அவருக்குப் பந்தை ஊட்டிவிட்ட கிரிவெல்லாரோவும் யார் காலத்தில் வந்தவர்கள்? கிரெகரி இருந்தபோது வந்தவர்கள். உலை வைத்தவர் ஒருவர், பரிமாறியவர் இன்னொருவர். இறுதிப்போட்டியில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய வருடம் கிரெகரியை மாற்றாமல் வைத்திருந்து கடைசி இடம் வந்தோமே என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். அதை எனக்கு எதிராகவே வைத்துக்கொள்ளுங்கள், பதில் இல்லை. ஆனால் 2022 பிப்ரவரியில் அதே சென்னையின் பயிற்சியாளர் பாண்டோவிச்சை அனுப்பினார்களே, அதை ஏன் யாரும் உதாரணம் காட்டுவதில்லை? சபீர் பாஷா நம் ஊர்க்காரர், நல்ல மனிதர், பாதியில் அவர் தலையில் பாரத்தை வைத்தார்கள். 8-ஆம் இடம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓடுகிற பஸ்ஸில் ஓட்டுநரை மாற்றினால் புதியவர் முதலில் இருக்கையைச் சரிசெய்யவே நேரம் போதாது.

செல்சி 2012-இல் நடுவில் மாற்றி ஐரோப்பாவையே வென்றதே என்பவர்களுக்கு ஒரு வரி. வென்று தந்த டி மத்தேயோவை அதே நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டின் ஃபெர்குசனும் 1986 நவம்பரில் பாதியில் வந்தவர்தானே என்பவர்களுக்கு இன்னொரு வரி. முதல் கோப்பை 1990-இல் வந்தது. நம் கமிட்டியாக இருந்தால் அவர் பொங்கலைப் பார்த்திருக்க மாட்டார்.

இனி நம் கதை. ஏழு ஆட்டம், ஒரு வெற்றி, இரண்டு டிரா, நான்கு தோல்வி. கணக்கை நான் மறைக்கவில்லை. முன்களத்தில் ஒருவனுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான், இன்னொருவனுக்கு முழங்கால் போய்விட்டது. மழையில் மூன்று வாரம் மைதானத்தில் முட்டிவரை தண்ணீர். வியாசர்பாடியில் மழை பெய்தால் பந்து உருளாது, மிதக்கும். அந்தத் தண்ணீரை இறைக்கக் கமிட்டியிலிருந்து எத்தனை பேர் வந்தீர்கள்? நம் பகுதியைக் "குட்டி பிரேசில்" என்று பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்க வரும்போது மட்டும் முதல் வரிசையில் நிற்கத் தெரிகிறது. பிரேசிலிலும் லீக் பாதியில் பயிற்சியாளரைத் துரத்துவது பேர்போன வழக்கம். நாம் அங்கிருந்து கற்றுக்கொண்டது இதைத்தான் போலிருக்கிறது.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. கோல் கீப்பர். தண்டையார்பேட்டைப் பையன்களோடு ஒரு ஆட்டம். மெதுவாக உருண்டு வந்த பந்து என் இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. அதனாலேயே தோற்றோம். அப்பாகூட அன்றைக்கு என்னோடு பேசவில்லை. மறுநாள் மைதானத்துக்குப் போகவே கூசியது. மாஸ்டர் புதுக் கையுறை ஒன்றைக் கையில் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமையும் நீதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு கோல் விட்டேன், அது வேறு விஷயம். அதற்கு அடுத்த வாரமும் நான்தான் நின்றேன்.

மாஸ்டருக்குப் பயிற்சியாளர் லைசென்ஸ் இல்லை, புதியவருக்கு இருக்கிறது என்கிறார்கள். நியாயம். இந்தக் காலத்தில் லைசென்ஸ் வேண்டும். புதிதாக வந்த தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் லைசென்ஸ் இல்லை என்பது ஜூன் மாதம் உங்களுக்குத் தெரியாதா? ஏழு ஆட்டம் கழித்துத்தான் தெரிந்ததா? சீசன் முடிந்து உட்கார்ந்து பேசியிருந்தால் அவரே வழிவிட்டிருப்பார். போன வருடமே என்னிடம் சொன்னார், "இன்னும் ஒரு வருடம், பிறகு சின்னப் பையன்களை மட்டும் பார்த்துக்கொள்கிறேன்" என்று.

சனிக்கிழமை காலை என்ன நடந்தது என்று கமிட்டியில் யாருக்காவது தெரியுமா? மாஸ்டரிடம் இருப்பது பட்டன் போன். உங்கள் குழு அறிவிப்பு அவருக்கு வராது. ஒருவர்கூடக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஐந்தரைக்கு வழக்கம்போல வந்தார். பையன்கள் வேறொருவர் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன்தான் ஓடிவந்து, "மாஸ்டர், உங்களை மாற்றிவிட்டார்களாம்" என்றான். அவர் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகப் புதியவரிடம் போனார். எந்தப் பையனுக்கு முழங்கால் வலி, எவனை இந்த வாரம் ஓடவிடக் கூடாது என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அங்கே நின்றிருந்தேன். எனக்கும் வாய் வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

புள்ளிப்பட்டியலில் நீங்கள் மேலே போகலாம். அடுத்த இரண்டு ஆட்டம் ஜெயிக்கவும் செய்யலாம். ஜெயித்ததும் என்னை டேக் செய்து "என்ன அண்ணா?" என்று கேட்பீர்கள் என்பதும் தெரியும். கேளுங்கள், மார்ச்சில் பேசுவோம்.

இன்னொன்று. "கிளப் பந்துகள் மாஸ்டர் வீட்டில் இருக்கின்றன, யாராவது போய் வாங்கி வாருங்கள்" என்று இன்று காலை ஒரு செய்தி பார்த்தேன். அங்கே பதினொரு பந்து இருக்கிறது. ஒன்றுகூடக் கிளப் காசில் வாங்கியது இல்லை. ஆள் அனுப்பாதீர்கள்.