ஒரு பல்பு எரிய இத்தனை பாடா?

போனிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் பல்பை ஹோல்டரில் மாட்ட அரை நிமிஷம்கூட ஆகாது. வைஃபையில் சேர்ப்பதற்குள் உயிர் போய்விடுகிறது. ஆப்பை இறக்கு, கணக்குத் தொடங்கு, ஓடிபி போடு, லொகேஷனை ஆன் பண்ணு. விளக்கு எரிய இதெல்லாம் எதற்கு?

அப்புறம் வட்டம் சுற்றும், சுற்றும், "இணைக்க முடியவில்லை" என்று நிற்கும். ஏன் முடியவில்லை? அதைச் சொல்லாது. பெரும்பாலான பல்புகளுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற வைஃபை அலைவரிசை மட்டும்தான் பிடிபடும். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. போன் 5-இல் போய் ஒட்டிக்கொள்கிறது, பல்புக்கோ அது எட்டாது. ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தாலோ, 5-ஐக் கொஞ்ச நேரம் அணைத்தாலோ பெரும்பாலும் சேர்ந்துவிடும். இந்த ஒரு விஷயத்தைப் பெட்டி மேலே பெரிய எழுத்தில் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்? எறும்புக்கால் எழுத்தில்தான் போடுவார்கள்!

சில பல்புகள் போனோடு பேசுவதற்காகத் தாங்களே ஒரு ஹாட்ஸ்பாட், அதாவது தற்காலிக வைஃபை, திறக்கும். அதில் இணையம் இருக்காது. உடனே போன் அதை உதறிவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பாதியில் எல்லாம் அறுந்துபோகும். டேட்டாவை அணைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்ல அந்த ஆப்புக்கு வாய் இல்லையா? ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றினால் தீர்ந்தது, ஒவ்வொரு பல்பையும் ரீசெட் செய்து மறுபடி முதலிலிருந்து!