கப்பல் நிற்கிற ஊரையும் கொஞ்சம் பாருங்கள்

மத்தியதரைக் கடல் சுற்றுலாக் கப்பலுக்குப் பணம் கட்டிவிட்ட நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: "இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் கப்பல் நிற்கிறதே, அன்றைக்கு ஃபுளோரன்ஸ் போவதா, பீசா போவதா?" இரண்டுக்கும் போக வேண்டாம் என்பேன். லிவோர்னோவில் இறங்குங்கள், அங்கேயே நடங்கள், சாப்பிடுங்கள், உட்காருங்கள், மாலையில் அவசரமில்லாமல் கப்பலேறுங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபமே வந்துவிடுகிறது. இவ்வளவு செலவழித்து இத்தாலி வரை போய்விட்டு, ஃபுளோரன்ஸில் இருக்கிற மைக்கேலாஞ்சலோவின் தாவீது சிலையைப் பார்க்காமல் திரும்புவதா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. கப்பல் பெரும்பாலும் காலை ஏழு, எட்டு மணிக்குத் துறைமுகத்தில் கட்டப்படும். மாலை ஆறு, ஏழு மணிக்குக் கிளம்பும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். லிவோர்னோவிலிருந்து ஃபுளோரன்ஸ் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பேருந்தில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். கப்பலிலிருந்து இறங்கும் வரிசை, பேருந்துக் கூட்டம், சாலை நெரிசல், திரும்பும்போது பாதுகாப்புச் சோதனை எல்லாம் போக ஒரு மாபெரும் நகரத்துக்கு நீங்கள் கொடுப்பது ஐந்து மணி நேரம். அதிலும் கொடி பிடித்த வழிகாட்டியின் முதுகைப் பார்த்தபடி நடக்கிற நேரமே அதிகம். கப்பல் நிறுவனத்தின் சொந்தப் பயணத்தில் போனால், தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாக ரயிலில் போய்த் தாமதமானால் அது கிளம்பிவிடும். அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் ஓட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டும் ஷெங்கன் விசாவும் கையில் வைத்திருக்கிற நமக்கு அந்தப் பயம் நாள் முழுவதும் நெஞ்சில் கனக்கும். ஃபுளோரன்ஸுக்குச் செய்கிற மரியாதை இதுவல்ல. அந்த நகரத்துக்கு விமானத்தில் போய், மூன்று இரவாவது தங்கிப் பாருங்கள்.

நாங்கள் போனபோது அம்மாவும் உடன் வந்திருந்தார். அவருக்கு மூட்டு வலி. ஆனால் ஊர் பார்க்கும் ஆசைக்குக் குறைவில்லை. காலை உணவு மேசையில் எதிரே கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி. "ஏம்மா, அம்மாவை வைத்துக்கொண்டு இந்தத் துறைமுகத்தில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? எங்கள் பேருந்தில் இடம் இருக்கிறதா என்று கேட்கட்டுமா?" என்று அந்தப் பெரியவர் அன்போடு கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார்: "நீங்கள் போய் வாருங்கள் அண்ணா. நாங்கள் இந்த ஊரைப் பார்க்கிறோம்." இரவு அவர்களை மறுபடியும் பார்த்தோம். இருவருக்கும் கால் வீங்கியிருந்தது. பெரிய தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தார்களாம், உள்ளே போக நேரமில்லையாம். எனக்கு வருத்தமாக இருந்தது. வாழ்நாள் சேமிப்பில் வந்தவர்கள் அவர்கள். இப்படி ஓடித்தான் ஆக வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

லிவோர்னோவில் பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சு எப்படி வந்தது என்பதற்கு ஒரு துயரமான காரணம் இருக்கிறது. 1943 மே 28 அன்று தொடங்கிய நேச நாட்டு விமானக் குண்டுவீச்சுகளில் ஊரின் நடுப்பகுதி பெருமளவு அழிந்தது. போருக்குப் பிறகு அவசரமாக எழுப்பிய கட்டடங்கள்தான் இன்று மையத்தில் அதிகம். அஞ்சல் அட்டை அழகை எதிர்பார்த்து வருகிறவர் அவற்றைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அடி வாங்கி எழுந்த ஓர் ஊரை அழகில்லை என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மிஞ்சியிருப்பதும் கொஞ்சமல்ல. துறைமுகத்தின் ஓரத்திலேயே செங்கல்லில் எழும்பி நிற்கும் பழைய கோட்டை 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுற்றிலும் நீர் சூழ்ந்த புதிய கோட்டை இப்போது ஊர் மக்களின் பூங்கா. 17ஆம் நூற்றாண்டில் வெனிஸிலிருந்து தொழிலாளிகளை அழைத்து வந்து வெட்டிய கால்வாய்களோடு ஒரு முழுப் பேட்டையே இருக்கிறது. அதன் பெயரே 'புதிய வெனிஸ்'. அந்தக் கால்வாய்களில் படகு விடுகிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. ஓரிடத்தில் படகு நீண்ட இருட்டு வளைவுக்குள் நுழைகிறது. தலைக்கு மேலே இருப்பது குடியரசுச் சதுக்கம்! கால்வாயின் மேல் 200 மீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வளைவு கட்டி, அதையே சதுக்கமாக்கியிருக்கிறார்கள். மேலே நடக்கும்போது பாலத்தின் மேல் நடக்கிறோம் என்றே தெரியாது.

இந்த ஊரை ஊராக்கியது ஒரு சட்டம். அன்று இந்தப் பகுதியை ஆண்ட மெடிச்சி குடும்பத்து முதலாம் ஃபெர்டினாண்டோ 1591இலும் 1593இலும் வெளியிட்ட ஆணைகள், எந்த நாட்டு வணிகரும் இங்கே வந்து குடியேறலாம் என்று அழைத்தன. ஸ்பானியர், போர்த்துக்கீசியர், கிரேக்கர், யூதர், துருக்கியர், ஆர்மீனியர், பாரசீகர் என்று பெயர் சொல்லியே அழைத்தன. வழிபாட்டு உரிமையும் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணையிலிருந்து பாதுகாப்பும் கொடுத்தன. இத்தாலியின் எத்தனையோ நகரங்களில் யூதர்களைத் தனிச் சேரியில் அடைத்துப் பூட்டிய காலம் அது. லிவோர்னோவில் அப்படி ஒரு சேரி இருந்ததே இல்லை. ஐரோப்பாவின் பெரிய யூதத் தொழுகைக் கூடங்களில் ஒன்று இங்கே இருந்தது. போரில் அது சிதைந்துபோய், 1962இல் புதிய கூடம் அதே இடத்தில் எழுந்தது.

ஆனால் அதே ஃபெர்டினாண்டோவின் சிலையைத் துறைமுகத்தருகே பாருங்கள். அவர் மேலே பளிங்கில் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில், பீடத்தின் நான்கு மூலைகளிலும், சங்கிலியால் பிணைக்கப்பட்ட நான்கு வெண்கல மனிதர்கள். பியெத்ரோ தாக்கா என்ற சிற்பி 1620களில் வார்த்தவை. இந்த ஊரின் அடிமைச் சிறையில் கிடந்தவர்களை நேரில் பார்த்தே அவர் இந்த உருவங்களைச் செய்தார். மெடிச்சிகளின் படைக் கப்பல்கள் கடலில் பிடித்து வந்து துடுப்பு வலிக்க வைத்த முஸ்லிம்கள் அவர்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்றால் நான்கு பேரின் மூக்கும் ஒரே நேரத்தில் தெரியும் என்று ஊர்க்காரர்கள் காட்டுகிறார்கள். எனக்கு அந்த வேடிக்கையில் மனம் போகவில்லை. ஒரு முதியவரின் முகம், ஓர் இளைஞனின் முகம், இரண்டிலும் அவ்வளவு வலி. அம்மா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "பிடித்துக் கட்டியவனுக்குத்தான் சிலை வைத்திருக்கிறார்கள். ஆனால் கண் இவர்களிடம்தானே போகிறது" என்றார். வாணிகத்துக்கு வந்தவனுக்குச் சுதந்திரம், வலையில் சிக்கியவனுக்குச் சங்கிலி: இரண்டையும் ஒரே ஆட்சி ஒரே ஊரில் செய்தது. இதை நின்று யோசிக்கப் பேருந்துச் சுற்றுலாவில் நேரம் கிடைக்காது.

தமிழர்களான நமக்கு இந்த ஊரோடு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம் குவிந்த பெரிய சந்தை லிவோர்னோ. இங்கிருந்த யூத வணிகர்கள் அதை மெருகிட்டு, மணியாக்கி, இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வாங்கியது வைரம். ஒரு வழி லிஸ்பன் மூலமாகக் கோவாவுக்கு. இன்னொரு வழி லண்டன் மூலமாக, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் சென்னைக் கோட்டைக்கு. கோல்கொண்டா வைரத்தைத் தேடி 1680களில் யூத வணிகர்கள் சிலர் சென்னையிலேயே வந்து குடியிருந்தார்கள். மண்ணடிப் பக்கம் போகிறவர்களுக்குப் பவளக்காரத் தெரு தெரியும். அந்தப் பவளக்காரர்களின் வாணிகத்தின் மறுமுனை இந்தக் கால்வாய்க் கரைக் கிடங்குகளில் இருந்தது. கரையோரம் உட்கார்ந்து இதை அம்மாவிடம் சொன்னபோது, அவர் கை தானாகவே தாலிச்சரட்டில் கோத்திருந்த பவளத்தைத் தொட்டது. அந்த மணி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பவளம் கோர்க்கும் வழக்கமுள்ள வீட்டுப் பெண் பவளம் ஏற்றிய துறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பண்ணைகளில் வெள்ளை முட்டை இடும் கோழிகளின் மூதாதையான வெள்ளை லெகார்ன் இனத்துக்குப் பெயர் கொடுத்ததும் இந்தத் துறைமுகம்தான். ஆங்கிலேயர் லிவோர்னோவை லெகார்ன் என்றே அழைத்தார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். 1894இல் திறந்த பெரிய சந்தைக் கட்டடம் கால்வாயை ஒட்டியே இருக்கிறது. இரும்பும் கண்ணாடியுமாக உயர்ந்த கூரை, அதன் கீழே காய்கறி, பாலாடைக்கட்டி, ரொட்டி, ஒரு பக்கம் மீன். வீட்டுக்குக் காய் வாங்க வந்தவர்கள்தான் அங்கே அதிகம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குறைவு. அம்மா சைவம். கப்பலில் தினமும் பாஸ்தாவும் சாலட்டும் தின்று அலுத்திருந்தவருக்கு இந்த ஊர் ஒரு விருந்து வைத்தது. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, இவ்வளவுதான் பொருள். கரைத்து அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைக்கிறார்கள். மேலே பொன்னிறமாக முறுகி, உள்ளே குழைந்து, நம் அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருக்கிறது. பெயர் தோர்த்தா தி சேச்சி. மிளகுத்தூள் தூவி, ரொட்டிக்கு நடுவே வைத்துத் தருவதை 'சிங்க்வே எ சிங்க்வே' என்கிறார்கள், அதாவது 'ஐந்தும் ஐந்தும்'. ஐந்து காசுக்கு ரொட்டி, ஐந்து காசுக்குத் தோர்த்தா என்று துறைமுகத் தொழிலாளிகள் கேட்டு வாங்கிய காலத்துப் பெயர். கூடவே கத்தரிக்காய் ஊறுகாய் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அம்மா இரண்டாவது முறை கேட்டார். கடைக்காரப் பெண்மணிக்கு அதில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

மீன் சாப்பிடுகிறவர்கள் 'காச்சூக்கோ' என்ற உணவை விடக் கூடாது. கணவாய், பேய்க்கணவாய், விற்காமல் மிஞ்சிய சில்லறை மீன்கள், தக்காளி, பூண்டு, மிளகாய், சிவப்பு ஒயின் எல்லாம் சேர்ந்து வெந்த குழம்பு. பூண்டு தேய்த்து வாட்டிய ரொட்டி மேல் ஊற்றித் தருகிறார்கள். இத்தாலியில் நாக்கில் உறைக்கிற சாப்பாடு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பிற்பகல் ஒரு மணிக்குமேல் பெரும்பாலான கடைகள் கதவடைக்கும். நான்கு மணி வாக்கில்தான் மறுபடி திறக்கும். அதைக் குறையாக எண்ணாதீர்கள். அந்த நேரத்துக்கென்றே ஒரு இடம் இருக்கிறது: கடலோரத்து மஸ்காஞ்ஞி மாடம். நகரப் பேருந்து போகிறது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளை ஓடுகள் பதித்த சதுரங்கத் தரை, வளைந்து வளைந்து போகும் கைப்பிடிச் சுவர், அப்பால் முழுக்கக் கடல். இந்த ஊரில் பிறந்த இசையமைப்பாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஓவியர் மோதில்யானியும் இங்கே பிறந்தவர்தான், 1884இல். நாங்கள் அங்கே ஒன்றும் செய்யவில்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். உள்ளூர்ப் பாட்டிகள் பேரப்பிள்ளைகளைச் சைக்கிள் ஓட்ட விட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பயணத்திலேயே அவர் கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத பிற்பகல் அது.

கப்பலில் எங்களுக்கு உணவு பரிமாறிய தம்பி கன்னியாகுமரிக்காரர். மாதக்கணக்கில் வீடு திரும்பாமல் வேலை செய்கிறவர். "கரையில் எங்களுக்கு இரண்டு, மூன்று மணி நேரம்தான் அக்கா. சந்தையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஒரு நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசுவேன்" என்றார். எங்களைச் சந்தைக்கு அனுப்பியதும் அவர்தான். துறைமுக ஊர்களைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் கப்பல் ஊழியர்களைக் கேளுங்கள்.

இதில் ஒரு நியாயமும் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். கப்பலின் புகையைச் சுவாசிப்பவர்கள் லிவோர்னோக்காரர்கள். கரையை அடைத்துக்கொண்டு அத்தனை பெரிய கப்பல் நிற்பதைப் பொறுத்துக்கொள்பவர்களும் அவர்களே. நம் பணமோ பேருந்தேறி, ஏற்கெனவே கூட்டத்தில் திணறுகிற ஃபுளோரன்ஸுக்குப் போய்விடுகிறது. இடம் கொடுத்த ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு படகுச் சவாரி, இரண்டு காப்பி என்று செலவழிப்பதுதான் முறை. எல்லாத் துறைமுகத்துக்கும் இதே விதி என்று சொல்லமாட்டேன். கிரேக்கத் துறைமுகமான பிரேயுஸிலிருந்து ஏதென்ஸ் மெட்ரோ ரயில் தூரம்தான். தாராளமாகப் போய் வாருங்கள். மால்டாவின் வலெட்டாவிலும் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் இறங்கியதுமே ஊர்தான். லிவோர்னோ, ரோமுக்குப் போகிறவர்கள் இறங்கும் சிவித்தாவெக்கியா போன்ற இடங்களில்தான் இந்த ஓட்டம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சரக்குப் பெட்டகங்கள் நகரும் பகுதியில் நடக்க விடமாட்டார்கள். ஊர் மையத்துக்கு ஷட்டில் பேருந்தில்தான் போக வேண்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பியை நின்றபடி குடித்தால் விலை குறைவு. சந்தை காலையில்தான் முழு உயிரோடு இருக்கும், அதனால் முதலில் அங்கே போங்கள். ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. உங்கள் கப்பல் ஞாயிறன்று நிற்கிறதென்றால் படகையும் கடலோர மாடத்தையும் வைத்துத் திட்டமிடுங்கள்.